பேணுதல் என்று பேர் வைத்தார்கள்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி என்று சமையலறையில் எது மக்கர் செய்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்து கொடுக்கிற கடை அவளுடையது. ஆனால் அந்தப் பேர் தொழிலால் மட்டும் வந்ததில்லை என்பார் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். "தொட்டா பத்திக்கும், அதான்" என்று அவளுக்குக் கேட்கும்படியே சொல்வார். அவளும் மறுத்ததில்லை. பாலைப் பொங்கவிட்டு பர்னரை அடைத்து வைத்துவிட்டு, "வாங்குனதுலேர்ந்தே இப்படித்தான் எரியுது" என்று யாராவது பொய் சொன்னால் போதும். குண்டூசியால் துளைகளைக் குத்தி, காய்ந்த பால் ஏட்டைத் தாளில் கொட்டி, "இதையும் சேர்த்துத்தான் கடையில வித்தானா?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட பிறகு நன்றாகச் சரிசெய்தும் கொடுப்பாள்.

அந்த மாதிரிக் கோபம் வரும், போகும். இங்கே சொல்ல வந்தது அவளுக்குள் நாலு வருஷம் கனன்ற வேறொரு கோபத்தைப் பற்றி.

அவள் கணவர் குழாய் வேலைக்காரர். கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, "இங்கதான் அழுதுக்கிட்டிருக்கு" என்று விரலால் தட்டிக் காட்டுவார். உடைத்துப் பார்த்தால் கசிவு சரியாக அங்கேதான் இருக்கும். வாயாடி. வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்கும். தொழுகையில் மட்டும் அமைதியாகிவிடுவார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டால் பைப் ரெஞ்சை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் தொழுது முடித்து, முகம் தெளிந்து திரும்பி வருவார்.

அவருடைய அத்தா, அதாவது அப்பா, படுக்கையில் விழுந்து பதினொரு மாதம் கிடந்தார். சிறுநீருக்குக் குழாய் போட்டுப் பக்கத்தில் பை தொங்கவிட்டிருந்தார்கள். மூத்த மகன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஓதிவிட்டுப் போவார். பையை மாற்றியது, துடைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் இளைய மகன்தான். "அத்தா, ஊர் லைனையே பார்க்கறேன், உங்க லைனைப் பார்க்க மாட்டேனா?" என்பார். கிழவருக்குச் சிரிப்பு வந்து இருமல் வரும். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பள்ளிவாசலில் பயான், மார்க்கச் சொற்பொழிவு, செய்தார். சிறுநீர் விஷயத்தில் அசட்டையாக இருந்தவர்களுக்குக் கப்ரில், புதைகுழிக்குள், நடக்கும் வேதனையைப் பற்றி அரைமணி நேரம், குரலை ஏற்றி இறக்கிப் பேசினார். நூறு பேர் கேட்டார்கள். தொண்ணூற்றொன்பது பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். குழாய்க்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் கேட்டார்.

"கடைசி வாரத்துல பை ஒரு தடவை கசிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? விரிப்பை மாத்துனோம். அத்தாவோட சட்டையை மாத்துனோமா?"

"மாத்துனோங்க. நான்தான் துவைச்சேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சாப்பிடுங்க."

சாயங்காலம் மறுபடி கேட்டார். மறுநாள் காலையில் கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பிறகு கேள்வி கைக்கு இறங்கியது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுச் செய்யும்போது, மூன்று முறை கழுவுகிற கை ஐந்து முறையானது, பத்தானது, வாளிக் கணக்கானது. முழங்கையில் ஒரு ரோமம் நனையாமல் போயிருக்குமோ? தரையில் பட்டுத் தெறித்த துளி நஜீஸோ? அந்த அசுத்தம் காலில் ஒட்டி, பாயில் ஒட்டி, தொழுகையே கெட்டுப்போயிருக்குமோ? முதலில் சாக்கடை வேலைகளை விட்டார். பிறகு கழிவறை வேலை. கடைசியில் நல்ல தண்ணீர்க் குழாயைக்கூடத் தொட மாட்டேன் என்றார். ரெஞ்சும் கத்தரியும் ஒரு சாக்கில் கட்டப்பட்டு மாடிப்படிக்குக் கீழே போயின. கடையும் வீடும் பிள்ளையும் அடுப்பக்காவின் தலையில் விழுந்தன.

இதையெல்லாம் ஊர் எப்படிப் பார்த்தது என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

"மார்க்கத்துல ரொம்பப் பேணுதலான மனுஷன்" என்றார்கள். ஒளுவுக்கு அவர் எடுக்கும் நேரத்தைப் பார்த்துப் பள்ளிவாசலில் கண் கலங்கியவர்கள் உண்டு. பின்னால் நின்றவரை முதல் சஃப்புக்கு, முன்வரிசைக்கு, இழுத்துவந்து நிறுத்தினார்கள். அண்ணன்காரர் தன் கடையில் கண்ணாடி அறுத்தபடியே வாடிக்கையாளர்களிடம், "எங்க வீட்டுல ஒரு அவுலியா, ஒரு மகான் உருவாகிட்டிருக்கான்" என்றார். மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி தலையசைத்தார். இவர்களை எல்லாம் அடுப்பக்கா மனசுக்குள் வரிசையாக நிற்கவைத்துத் திட்டிவிடுவாள். ஆனால் அந்த வரிசையில் கடைசியாக நிற்பவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முதல் வருஷம் அவளே தன் தங்கையிடம் போனில் சொன்னாள்: "உன் மச்சான் முன்ன மாதிரி இல்லடி, தீன்ல அவ்வளவு பேணுதல்." பெருமையாகச் சொன்னாள். அந்தக் குரல் இன்னும் அவள் காதில் கேட்கும். கேட்கிறபோதெல்லாம் கையில் இருக்கும் திருப்புளியை மேசையில் குத்துவாள்.

நாலாவது வருஷம் ஒரு திங்கட்கிழமைக் காலை. சுபுஹுத் தொழுகைக்காக ஐந்து மணிக்குக் குளியலறைக்குப் போனவர் ஏழரை ஆகியும் வெளியே வரவில்லை. மொட்டைமாடித் தொட்டி காலியாகி, மேல்வீட்டுக்காரர் படியில் நின்று கத்தினார். மகள் பள்ளிச் சீருடையோடு, பல்கூடத் தேய்க்காமல் நின்றாள். கதவு திறந்தது. அவர் கைகள் மணிக்கட்டு வரை வெளுத்து, வெடித்து, விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. சூரியன் வந்துவிட்டது, தொழுகை நேரம் தவறிக் களாவாகிவிட்டது என்று குழந்தை மாதிரித் தேம்பினார். மகள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள். "தொடாதே!" என்று அலறினார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள். பதினொரு வயது அவளுக்கு.

"அம்மா, நான் என்ன அழுக்கா?"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் தொட்டா அத்தா மறுபடி முதல்லேர்ந்து குளிக்கறாங்க. அதான் நான் ஸ்கூல்ல அஞ்சு தடவை கை கழுவறேன். இப்ப பரவாயில்லையா?"

அடுப்பக்கா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டாள். கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கியவள் மறுபடி இறக்கிப் பூட்டிவிட்டு, நேராகப் பள்ளிவாசலுக்கு நடந்தாள். செருப்புக் கடைக்காரர், "என்னக்கா, இன்னைக்கு லீவா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பக்கவாட்டு அறையில் மதரசாப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "உட்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்களுக்கு போன் பண்றார்?"

ஹஜ்ரத் கொஞ்சம் தயங்கினார். "ஆறு... சில நாள் பத்து."

"என்ன கேக்கறார்?"

"ஒளு சரியா கூடுச்சான்னு."

"நீங்க?"

"கூடிடுச்சுன்னு சொல்வேன்."

"ஒரே ஆள், ஒரே கேள்வி, ஒரே பதில். பதினோராவது தடவை போன் அடிச்சப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"இது வஸ்வாஸ், மனசுல வர்ற வீண் சந்தேகம், கண்டுக்காம விட்டுடுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்மா."

"அடைச்ச பர்னர்கிட்டப் போய் எரி எரின்னா எரியுமா ஹஜ்ரத்? விட முடிஞ்சா அந்த மனுஷன் விட மாட்டாரா? அவர் கையைப் பார்த்தீங்களா? முதல் சஃப்புல உங்களுக்கு நேர் பின்னாலதானே நிக்கறார். வரிசையைச் சரிபார்க்க நீங்க திரும்பறப்ப ரத்தம் தெரியலையா?"

ஹஜ்ரத் பதிவேட்டை மூடினார். அவர் முகம் சுருங்கியது. "தெரிஞ்சுது" என்றார். "போன மாசம் பிள்ளைங்களுக்கு ஒளுவோட சட்டம் சொல்லிக்கொடுக்கறப்ப அவரைத்தான் உதாரணமா காட்டினேன்."

"நோயாளியை உதாரணமா காட்டுனீங்க."

"ஆமாம்மா."

அவர் சமாளிப்பார் என்று நினைத்து அடுத்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அவர் ஒப்புக்கொண்டதும் அது போக இடமில்லாமல் கண்ணில் தண்ணீராக வந்தது. அதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"மார்க்கத்துல மருந்து சாப்பிடக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லவே இல்ல. என்கூட ஓதுன ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்துது. பெரியாஸ்பத்திரியில பார்த்தாங்க. எந்த டாக்டர்னு கேட்டுச் சொல்றேன்." பதிவேட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார்.

வந்தார். சொன்ன நாளில் மனநலப் பிரிவின் நீளமான பெஞ்சில், தொப்பியும் ஜிப்பாவுமாகக் குழாய்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு தம்பி?" என்று ஹஜ்ரத்திடமே விசாரித்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் குழாய்க்காரர் சிரித்தார்.

டாக்டர் ஜலதோஷம் பிடித்த ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு, எழுதி, கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஓசிடின்னு சொல்லுவோம். மனசு ஒரே எண்ணத்துல மாட்டிக்கிட்டுச் சுத்திக்கிட்டே இருக்கும்."

"இல்லீங்க டாக்டர். இது ஷைத்தான் போடற சந்தேகம். என் ஈமான் பத்தலை" என்றார் குழாய்க்காரர்.

"ஷைத்தானைப் பத்தி எனக்குத் தெரியாது, உங்க ஹஜ்ரத்கிட்டக் கேட்டுக்குங்க. சந்தேகம் எல்லாருக்கும் வரும். உங்களுக்கு அது வந்துட்டுப் போக மாட்டேங்குது. அதுக்கு மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. உங்க பக்தி குறைஞ்சதால வந்ததில்ல இது. எதை நீங்க ரொம்ப மதிக்கறீங்களோ, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இது ஆட்டும்."

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "முன்னெல்லாம் தொழுகை எனக்கு வெயில்ல நடந்து வந்து நிழல்ல நிக்கற மாதிரி இருக்கும் டாக்டர். இப்ப பாங்கு சத்தம் கேட்டாலே எங்கயாவது ஓடிப்போயிடலாமான்னு இருக்கு" என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அடுப்பக்காவுக்கு இது தெரியாது. அவர் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

டாக்டரின் நிபந்தனை எளிமையாக இருந்தது, செய்யத்தான் உயிர் போனது. மாத்திரை தினமும், பலன் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். ஒளு ஒரே ஒரு முறை. குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் வரட்டும், பதில் தேடக் கூடாது. "கூடுச்சா?" என்று கேட்டால் மனைவியும் சொல்லக் கூடாது, ஹஜ்ரத்தும் சொல்லக் கூடாது. பதில் சொல்லச் சொல்லத்தான் நோய் வளரும்.

ஹஜ்ரத் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை சொல்றேன். நீங்க நோயாளி. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கு. சந்தேகத்தோடவே தொழுங்க. இதுக்கப்புறம் கேட்டா நான் போனை எடுக்க மாட்டேன்."

சொன்னபடியே எடுக்கவில்லை. முதல் மூன்று வாரம் வீடு நரகமாக இருந்தது. குளியலறைக்கு உள்ளேயிருந்து அவர் கதவை அறைவார். "ஒரே வார்த்தை! கூடுச்சுன்னு ஒரே வார்த்தை சொல்லேன்! உனக்கு இரக்கமே இல்லையா?" வெளியே அவள் சுவரில் சாய்ந்து, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்தால் சொல்லிவிடுவோம் என்ற பயம். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் அழகான வேண்டுதலாக துஆ எதுவும் வராது. "யா அல்லாஹ், பார்த்துக்கிட்டுத்தானே இருக்க? உன்னை வணங்கப் போன மனுஷனோட கையைப் பாரு. நான் யார்கிட்டப் போய்க் கேட்பேன்?" என்று சண்டை போடுகிற குரலில்தான் வரும். சண்டையாவது போட முடிகிறதே என்று எழுந்துகொள்வாள்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். அடுத்த நாள் இருபத்தைந்து. அதற்கடுத்த நாள் பதினெட்டு. கையில் புண் ஆறத் தொடங்கியது.

அந்த வாரம்தான் பெரிய மச்சான் வந்தார். கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கடையில் அவள் ஒரு குக்கரின் பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, பெரியத்தா யாரையோ கூட்டிட்டு வந்திருக்காங்க. புகை போடறாங்க. அத்தாவை அடிக்கறாங்க."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. நாலு தெரு ஓடினாள்.

கூடத்தில் புகை கண்ணை எரித்தது. நடுவில் அவள் கணவர் சட்டை தொப்பலாக நனைந்து முட்டிபோட்டிருந்தார். முதுகில் ஒட்டிய சட்டைக்குள் இரண்டு சிவந்த கோடுகள் தெரிந்தன. பக்கத்தில் கையில் பிரம்போடு முன்பின் தெரியாத ஒரு ஆள், ஜின் ஓட்டுவதற்கு ஓதிப் பார்க்கிறவராம். ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதில் மாத்திரை அட்டைகள் மிதந்தன. நாற்காலியில் மாமியார் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்தார். பெரிய மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொண்ணு, உள்ள வராத. உள்ள இருக்கறது உன் புருஷன் இல்ல" என்றான் பிரம்புக்காரன்.

"உள்ள இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியும். பதினாலு வருஷமா சோறு போடறேன்."

பெரிய மச்சான் குறுக்கே வந்தார். "நீ கொடுக்கற மாத்திரையில அவன் தொழுகையிலேயே தூங்கி விழறான். அவுலியாவா இருந்தவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய், குடும்ப மானத்தை வாங்கிட்ட. ஆம்பளைங்க பேசற இடத்துல நீ..."

"எந்த ஆம்பளை? பதினோரு மாசம் அத்தாவோட பையை மாத்துன ஆம்பளை இதோ தரையில கிடக்கறார். நீங்க எந்த வேலையைச் செஞ்சீங்க மச்சான்? மாசத்துல நாலு வெள்ளிக்கிழமை வந்து ஓதிட்டு அத்தர் வாசத்தை விட்டுட்டுப் போனீங்க!"

பிரம்பைப் பிடுங்கினாள். முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தாள். அது வளைந்ததே தவிர முறியவில்லை. இரண்டாம் முறையும் வளைந்தது. ஆத்திரத்தில் ஜன்னல் வழியாக வீசி எறிந்தாள்; கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையில் போய்த் தொங்கியது. பிரம்புக்காரன் அவள் கையிலிருந்த திருப்புளியை ஒருமுறை பார்த்தான். பையைச் சுருட்டிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தான்.

அந்தச் சந்தடியில் குழாய்க்காரர் தலையைத் தூக்கி, மெல்லிய குரலில், "அண்ணே, வலிக்குது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மாமியாரின் கையிலிருந்து தஸ்பீஹ் நழுவி விழுந்தது.

"என் தம்பியும் இப்படித்தான் சொன்னான்" என்றார்.

"அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார் பெரிய மச்சான் அவசரமாக.

"சும்மா இருந்தது போதும்டா. என் கடைசித் தம்பி. இதே மாதிரி கழுவிக் கழுவிக் கையெல்லாம் புண்ணு. வெளியில அவுலியான்னு சொன்னோம். உள்ள, எங்க அம்மா வீட்டுக் கொல்லை ரூம்ல பூட்டி வச்சிருந்தோம். இருபத்திரண்டு வருஷம். எத்தனை பேர் வந்து அடிச்சாங்க! அந்த ரூம்லயே போய்ச் சேர்ந்தான்." மூத்த மகனைப் பார்த்தார். "சாப்பாட்டுத் தட்டையும் சாவியையும் உன் கையிலதானே கொடுத்தனுப்புவேன். உனக்குத் தெரியாதா?"

பெரிய மச்சான் சுவரைப் பார்த்தார்.

புகைக்கு நடுவே அடுப்பக்கா நின்றாள். ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும், அதுவரை வந்த கோபமெல்லாம் விளையாட்டு என்று தோன்றுகிற மாதிரி ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"தெரிஞ்சே இருந்தீங்களா மாமி? நாலு வருஷம் என் புருஷன் கை அழுகறதை, இது என்ன நோய்னு தெரிஞ்சே, நாற்காலியில உட்கார்ந்து பார்த்தீங்களா? தஸ்பீஹை உருட்டிக்கிட்டு?"

மாமியார் கீழே விழுந்த தஸ்பீஹை எடுக்கவில்லை. மெல்ல எழுந்துபோய், வாளிக்குள் கைவிட்டு மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சேலையில் துடைத்தார். பிறகு பெரிய மகனிடம், முகத்தைப் பார்க்காமல், "போடா" என்றார். "நான் கூப்பிடாம இந்த வீட்டுக்கு வராதே."

இதனால் மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு மாதம் மாமியாரிடம் அவள் பேசவில்லை. டீயைக் கொண்டுபோய் டொக்கென்று வைப்பாள். மாமியாரும் அதைக் கேட்டுக்கொண்டே குடிப்பார். ஆனால் மாத்திரை நேரத்துக்கு மகனிடம் தண்ணீர் டம்ளரை நீட்டுகிற வேலையை அந்த அம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்துபோன தம்பியின் பேரைச் சொல்லித் தினமும் சத்தமாக துஆ கேட்டார். அவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

பெரிய மச்சான் கண்ணாடிக் கடையில் வேறு கதை சொன்னார். தம்பி பெண்டாட்டி அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள் என்றார். அது கடைத்தெருவுக்கும் வந்தது. மிக்ஸி ஜாரை வாங்கிக்கொண்டு போக வந்த ஒரு பெண், அக்கறையோடு குரலைத் தாழ்த்தி, "வயசுக்கு வர்ற பொண்ணு இருக்கு. அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போறது வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சதும் ஓடறவன் எவனோ, அவன் தொல்லை அதோட விட்டுது. மூடியைச் சரியாப் பூட்டி ஓட்டுங்க, இல்லாட்டி மறுபடி பிளேடு போகும்" என்றாள் அடுப்பக்கா. செருப்புக் கடைக்காரர் அந்தப் பக்கம் இருமினார். சிரிப்பை மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

குழாய்க்காரர் முழுக்கக் குணமாகிவிடவில்லை. சில நாள் இருபது நிமிடம் ஆகும், சில நாள் முகம் இருண்டு கிடக்கும், டாக்டர் மருந்தின் அளவை இரண்டு முறை மாற்றினார். ஆனால் எட்டாவது மாதத்தில் மேல்வீட்டுக்காரரின் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. தொட்டி காலியானதற்கு அன்று கத்திய அதே மனிதர்தான், படியிறங்கி வந்து கூச்சத்தோடு கூப்பிட்டார். குழாய்க்காரர் மாடிப்படிக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். ரெஞ்சில் துரு ஏறியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்து வாசலில் நின்றார். முழங்கை வரை கரிய சகதி. அடுப்பக்காவைப் பார்த்தார், கண்ணில் அந்தப் பழைய கேள்வி இருந்தது. அவள் வேண்டுமென்றே வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார். சோப்பு போட்டுக் கழுவினார், ஒரு முறை. குழாய் மூடும் சத்தம் கேட்டது. மறுபடி திறக்கும் சத்தத்துக்காக அவள் கத்தியை நிறுத்திக் காத்திருந்தாள். திறக்கவில்லை. வெளியே வந்து, அஸர் தொழுதார். தொழுது முடித்துப் பாயிலேயே உட்கார்ந்திருந்தவரின் முதுகில் மகள் ஓடிப்போய்ச் சாய்ந்தாள். அவர் ஒரு கணம் விறைத்தார். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல சேறு. யார் துடைக்கறது?" என்று அடுப்பக்கா சமையலறையிலிருந்து கத்தினாள்.

பள்ளிவாசலில் அவர் இப்போது மூன்றாவது சஃப்பிலோ நாலாவதிலோ, இடம் கிடைக்கிற இடத்தில் நிற்கிறார். ஹஜ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறி, மனநோயைப் பற்றிப் பேசினார். நோயைப் பக்தி என்று புகழ்வதும் பாவம், ஜின் என்று அடிப்பதும் பாவம், இந்தப் பள்ளிவாசலில் அந்த முதல் பாவத்தைச் செய்தவன் நான்தான் என்று சொன்னார். திரைக்குப் பின்னால், பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அடுப்பக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கடைசியில் ஹஜ்ரத், "மலை போலப் பொறுமை காத்த ஒரு சகோதரியை நான் அறிவேன்" என்று முடித்தார். குளிர்ந்த நெஞ்சு மறுபடி பற்றிக்கொண்டது.

தொழுகை முடிந்ததும் போன் செய்தாள். "யார் ஹஜ்ரத் பொறுமையா இருந்தது? நான் பொறுமையா இருந்திருந்தா இந்நேரம் அவரும் ஒரு ரூம்ல கிடந்திருப்பார். வாய் கிழியக் கத்தினேன், பிரம்பைப் பிடுங்கி எறிஞ்சேன்னு சொல்லுங்க. பொறுமை பொறுமைன்னு சொல்லி எத்தனை பொம்பளைங்களை உட்கார வைப்பீங்க?"

"அடுத்த வாரம் திருத்திச் சொல்லிடறேன்மா" என்றார் ஹஜ்ரத்.

திருத்தினார். கோபத்திலும் கடமை உண்டு என்று சொன்னாராம். அதைக் கேட்க அவள் போகவில்லை. அன்று கடையில் ஒரு பெண் இருந்தாள். நடுத்தர வயது, முகத்திரையைத் தாடைக்குக் கீழே இறக்கியிருந்தாள். கொண்டுவந்த குக்கரை அடுப்பக்கா பிரித்துப் பார்த்தாள். ரப்பர் வளையம் புதிது, வால்வு சுத்தம், மூடி கச்சிதம்.

"இதுல ஒரு பழுதும் இல்லையேம்மா."

அந்தப் பெண் தலைகுனிந்து, குக்கரின் பிடியைத் தடவினாள். "தெரியும்க்கா. போன வார பயான்ல ஹஜ்ரத் சொன்னது உங்களைத்தான்னு சொன்னாங்க. என் மகளுக்குக் குழந்தை பிறந்ததிலேர்ந்து... பேச மாட்டேங்கறா. பிள்ளையைத் தூக்க மாட்டேங்கறா. கெட்ட தாய், ஈமான் இல்லாதவன்னு மாப்பிள்ளை வீட்டுல பேசறாங்க."

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று அடுப்பக்கா பாய்ந்தாள். அந்தப் பெண் மிரண்டு ஓரடி பின்னால் வைத்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னாள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், ஜலதோஷக்கார டாக்டர் உட்காரும் அறை எண்ணையும் கிழமைகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை கூட்டம் கம்மி. மகளைக் கூட்டிட்டு வாங்க, நானும் வர்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏதாவது கேட்டா," என்று மேசையைத் தட்டினாள், "அவங்களை என்கிட்ட அனுப்புங்க."